கடல் புளித்தால் மீன்முள் கரையுமா?

கிண்ணியாவில் உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் ஒரு மகள் கேட்டிருக்கிறார்: “வாப்பா கொண்டுவந்த பெரிய பாரையை உம்மா வெட்டினபோது முள்ளில் புளியங்கொட்டை அளவில் உருண்டைகள் திரண்டிருந்தன. கடல் அமிலமாகிறதால்தான் மீன்முள் இப்படிப் பழுதாகிறது என்று அயல்வீட்டு மாமா சொல்கிறார். ஆனால் வினாகிரியில் போட்ட எலும்பு ரப்பர் மாதிரி வளைகிறதை ரீச்சர் எங்களுக்குச் செய்து காட்டினார். கரைய வேண்டியது எப்படித் திரளும்? உண்மையில் கடல் அமிலமானால் மீனின் என்புக்கு என்ன நடக்கும், சேர்?”

மகள், மாமா சொன்னதும் ரீச்சர் காட்டியதும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்பதை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது. அந்த உருண்டையை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் அது இந்தக் கதையைச் சேர்ந்ததே அல்ல.

பாரை இனங்களிலும் சாவாளையிலும் வயது ஏற ஏற சில குறிப்பிட்ட என்புகள் மட்டும் வீங்கித் திரள்வது வழமை. இது நோயல்ல. டில்லி எடிங்கர் என்ற தொல்லுயிரியல் அறிஞரின் பெயரால் இவற்றை ‘டில்லி என்புகள்’ என்று அழைக்கிறார்கள். மனிதன் நிலக்கரி எரிக்கத் தொடங்குவதற்குப் பல இலட்சம் ஆண்டுகளுக்கு முந்திய மீன் புதைபடிவங்களிலும் இதே உருண்டைகள் கிடைத்திருக்கின்றன. ஆகவே கடலை அமிலமாக்கும் புகைக்கும் இதற்கும் தொடர்பில்லை. உம்மா தயங்காமல் ஆணம் ஆக்கலாம்.

இனி அமிலத்துக்கு வருவோம். ‘கடல் அமிலமாகிறது’ என்ற சொல்லே பலரைத் தவறான இடத்துக்குக் கூட்டிப் போகிறது. கைத்தொழில் யுகத்துக்கு முன் கடலின் மேற்பரப்பு நீரின் அமில-கார அளவான பிஎச் ஏறத்தாழ 8.2 ஆக இருந்தது. இன்றைக்கு ஏறத்தாழ 8.1. ஏழுக்கு மேலே இருப்பதால் அது இன்னும் காரம்தான். அந்தக் காரத்தன்மை குறைகிறது என்பதே சரி. ஆனால் 0.1 தானே என்று தள்ளிவிடவும் கூடாது. பிஎச் மடக்கை அளவு என்று இரசாயனவியலில் படித்திருப்பீர்கள். 0.1 குறைந்தால் ஐதரசன் அயன்கள் கால்வாசிக்கு மேல் கூடிவிட்டன என்று பொருள். வளிமண்டலத்தில் பத்து இலட்சத்துக்கு 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு இப்போது 420 ஐத் தாண்டிவிட்டது. மனிதர் வெளியேற்றும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ கால் பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. எரிப்பது இப்படியே தொடர்ந்தால் இந்த நூற்றாண்டின் கடைசியில் பிஎச் 7.8 அளவுக்கு இறங்கலாம். அப்படியென்றால் ஐதரசன் அயன் பழைய அளவின் இரண்டரை மடங்காகும்.

ரீச்சரின் வினாகிரியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வினாகிரியின் பிஎச் மூன்றுக்கும் கீழே. கடல்நீரோடு ஒப்பிட்டால் இலட்சம் மடங்குக்கு மேல் அமிலம். அந்தச் சோதனை என்பு எதனால் ஆனது என்று காட்டுவதற்கு நல்லது. கடலில் என்ன நடக்கும் என்று காட்ட அது உதவாது.

என்பு எதனால் ஆனது என்பதில்தான் முதல் திருப்பம். பவளம், மட்டி, சிப்பி, சங்கு எல்லாம் கல்சியம் காபனேற்றால் ஆனவை. மீனின் முள்ளோ கல்சியம் பொசுபேற்று. நம் எலும்பும் பல்லும் அதே இனம்தான். கடலில் காபனீரொட்சைட்டு கரையும்போது உண்டாகும் ஐதரசன் அயன், நீரில் இருக்கும் காபனேற்றைப் பிடித்து இருகாபனேற்றாக மாற்றிவிடுகிறது. காபனேற்று குறைவதால் ஓடு கட்டும் உயிர்களுக்குக் கட்டுமானப் பொருள் தட்டுப்படுகிறது. பொசுபேற்றில் கட்டிய என்புக்கு அந்தத் தட்டுப்பாடு நேரடியாக இல்லை. அதுமட்டுமல்ல, சிப்பியின் ஓடு கடலைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மீனின் முள் தோலுக்கும் தசைக்கும் உள்ளே, குருதியால் சூழப்பட்டு இருக்கிறது. கடல்நீர் முள்ளைத் தொடுவதே இல்லை.

இதற்கு நம் ஊரிலேயே சாட்சி உண்டு. திருகோணமலையின் பெருமை அதன் ஆழம். துறைமுக வாயிலிலிருந்தே கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கி வங்காள விரிகுடாவுக்குள் இறங்கிப் போகிறது. சில நூறு மீற்றர் கீழே போனால், மேலிருந்து விழும் உயிர்க்கழிவு அழுகுவதால் ஒட்சிசன் குறைந்து, காபனீரொட்சைட்டு மிகுந்து, பிஎச் இயல்பாகவே 8 இற்குக் கீழே இருக்கும். அங்கும் மீன்கள் முள்ளோடுதான் வாழ்கின்றன. ஆகவே பிஎச் இறங்கிய உடனே மீன்முள் கரைந்துபோகும் என்ற பயத்தைக் கைவிட்டுவிடலாம்.

ஆனால் மீனுக்கு ஒன்றும் ஆகாது என்று நான் சொல்லவில்லை. ஆபத்து இருக்கிறது, மாமா தேடிய இடத்தில் இல்லை. மீன் தன்னைக் காத்துக்கொள்ளும் விதத்திலேயே அது ஒளிந்திருக்கிறது.

நம் குருதியில் காபனீரொட்சைட்டின் அமுக்கம் ஏறத்தாழ 40 மில்லிமீற்றர் இரசம். மீனின் குருதியிலோ பொதுவாக 2 இலிருந்து 4 வரைதான். நாம் காற்றில் வாழ்கிறோம், ஆகவே அறைக் காற்றில் சற்றுக் கூடினாலும் நமக்குப் பெரிய வேறுபாடு தெரியாது. மீனோ தன் பூவின் (செவுளின்) வழியாக நீருக்குள் காபனீரொட்சைட்டைத் தள்ளவேண்டும். குருதிக்கும் நீருக்கும் உள்ள இடைவெளி ஏற்கெனவே சிறியது. வெளியே கூடினால் உள்ளேயும் கூடத்தான் வேண்டும். குருதி புளிக்கத் தொடங்கும். அதைச் சமப்படுத்த மீன் ஐதரசன் அயனைப் பூவால் வெளியேற்றி, இருகாபனேற்றைக் குருதியில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. சில மணித்தியாலங்களிலிருந்து ஓரிரு நாளுக்குள் குருதியின் பிஎச் பழைய நிலைக்கு வந்துவிடும். வளர்ந்த மீன்கள் இந்த வேலையில் கெட்டிக்காரர்கள். ஆனால் பிஎச் திரும்பினாலும் கூடிய இருகாபனேற்று உடலுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அது உடலின் எல்லாத் திரவத்துக்கும் போகும். காதுக்கும் போகும்.

கத்தாளை மீனின் மண்டையை உடைத்துச் சாப்பிட்ட எவருக்கும் அந்த வெள்ளைக் கல்லைத் தெரியும். சிறுவயதில் சாம்பல்தீவில் என் அம்மம்மா வீட்டில் அந்தக் கற்களைக் கழுவி எடுத்துச் சேர்த்து வைப்போம். இரண்டும் ஒரே மாதிரி, ஒன்று இடம், ஒன்று வலம். அவை மீனின் காதுக்கற்கள். எல்லா என்புமீன்களுக்கும் உண்டு. மொத்தம் மூன்று சோடி. கத்தாளைக் குடும்பத்தில் ஒரு சோடி மிகப் பெரிதாக இருப்பதால் கண்ணில் படுகிறது. மீன் கேட்பதும், எது மேல் எது கீழ் என்று அறிவதும், நீந்தும்போது நிலை தவறாமல் இருப்பதும் இவற்றால்தான். மரத்தின் வளையம் போல இவற்றில் நாளுக்கொரு வரி படியும்; குஞ்சு மீனின் வயதை அப்படித்தான் எண்ணுகிறார்கள். கவனியுங்கள்: மீனின் உடலில் உள்ள வன்பொருள்களில் இந்தக் கல் வேறு சாதி. முள் பொசுபேற்று, காதுக்கல் காபனேற்று. பவளம் எந்தக் கனிமத்தால் ஆனதோ, அதே அரகோனைற்று.

அப்படியானால் புளித்த கடலில் காதுக்கல்லாவது சிறுக்கவேண்டும் அல்லவா? ஆராய்ந்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். கலிபோர்னியாவில் கத்தாளைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மீனின் முட்டைகளையும் குடம்பிகளையும் (முட்டையிலிருந்து வந்த இளங்குஞ்சுகளையும்) காபனீரொட்சைட்டு கூட்டிய நீரில் ஒரு வாரம் வளர்த்துப் பார்த்தார்கள். 2009 இல் வந்த அந்த முடிவு தலைகீழாக இருந்தது. காற்றில் பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ 1000 பங்கு காபனீரொட்சைட்டுக்கு ஈடான நீரில் காதுக்கல்லின் பரப்பு 7 இலிருந்து 9 சதவீதம் வரை கூடியிருந்தது. 2500 ஐ ஒட்டிய அளவில் 15 இலிருந்து 17 சதவீதம். குடம்பியின் உடல் பெருக்கவில்லை, கல் மட்டும் பெருத்தது. காரணம் மேலே சொன்னதுதான். குருதியில் சேர்த்து வைத்த இருகாபனேற்று காதின் திரவத்துக்குள்ளும் போய், அங்கே கல் படிவதை விரைவாக்கிவிடுகிறது. வெளியே பவளத்துக்குக் கல் கிடைக்கவில்லை. உள்ளே மீனுக்குத் தேவைக்கு மேல் கல்! இந்த முரண்தான் என்னை இந்த விஷயத்தோடு கட்டிப்போட்டது.

அடுத்தது கடல்விரால். நம் கடலிலும் பிடிபடும் மீன்தான். அதன் குடம்பிகளை 2100 பங்குக்கு ஈடான நீரில் வளர்த்தபோது காதுக்கல்லின் கனவளவு ஏறத்தாழ பாதியளவு கூடியிருந்தது. அதனால் கேட்கும் தூரம் கூடலாம் என்று கணித்தார்கள். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் இரையின் சத்தம் தூரத்திலிருந்து கேட்டால், அலையின் இரைச்சலும் என்ஜின் சத்தமும் அதே தூரத்திலிருந்துதான் கேட்கும். இடக் கல்லும் வலக் கல்லும் ஒரே அளவாகப் பெருக்காவிட்டால் நிலை தடுமாறவும் இடமுண்டு. அந்த ஆய்வின் அளவு இந்த நூற்றாண்டில் திறந்த கடலில் எதிர்பார்ப்பதைவிட மிக உயர்ந்தது என்பதையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வுத் தலைப்பை மட்டும் வாசித்துவிட்டுப் பயப்படுகிறவர்கள் விடும் பிழை இதுதான்: எந்த அளவில் செய்தார்கள் என்று பார்ப்பதில்லை.

முள்ளுக்கும் இதே போக்கில் சான்றுகள் உண்டு. 2019 இல் அத்திலாந்திக் கடலின் ஒரு சிறு திருக்கையை முட்டையிலிருந்தே அமிலம் கூடிய நீரில் வளர்த்து, ஊடுகதிரால் படம் எடுத்துப் பார்த்தார்கள். திருக்கைக்கும் சுறாவுக்கும் முழு என்பு இல்லை, நம் காதுமடலில் இருப்பது போன்ற கசியிழையம்தான். அதன் மேல் கனிமம் படிந்து உறுதியாகிறது. அமிலம் கூடியபோது சில பகுதிகளில் அந்தக் கனிமம் கூடியது. நீரின் வெப்பம் கூடியபோது சில பகுதிகளில் குறைந்தது. சல்மன் வளர்க்கும் தொட்டிகளிலும் இதையொத்த ஒன்று நெடுங்காலமாகத் தெரியும். மீன் நெருக்கத்தால் காபனீரொட்சைட்டு மிதமிஞ்சினால் சிறுநீரகத்தில் கல்சியம் படியும் நோய் வரும். அது கடலில் வரப்போகும் அளவைவிட மிக அதிகம் என்றாலும் திசை ஒன்றுதான்: கரைவதைவிடப் படிவதே கூடுகிறது.

மீன் தன் குடலிலும் கல் செய்கிறது என்பதை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. கடல்மீன் தாகத்துக்குக் கடல்நீரைத்தான் குடிக்கிறது. அதிலுள்ள மிகைக் கல்சியத்தைக் குடலில் காபனேற்றாகப் படியவைத்து வெளியே விடுகிறது. கடலில் உண்டாகும் காபனேற்றில் 3 இலிருந்து 15 சதவீதம் வரை மீன்குடலிலிருந்து வருவதாக 2009 இல் ஒரு மதிப்பீடு வந்தது. நிலாவெளிக் கரையில் நாம் மிதிக்கும் வெண்துகள்களுக்கு இடையில் அதுவும் கலந்திருக்கக்கூடும்.

சரி, உண்மையான கவலை எது? குடம்பி. வளர்ந்த மீனுக்குப் பூ இருக்கிறது, அயன்களைப் பரிமாறும் கலங்கள் நிறைய இருக்கின்றன, சிறுநீரகம் இருக்கிறது. முட்டையில் இருக்கும் முளையத்துக்கும் நேற்றுப் பொரித்த குஞ்சுக்கும் பூ இன்னும் சரியாக விரியவில்லை. தோலிலும் மஞ்சட்கருப் பையிலும் உள்ள ஒருசில கலங்களே அந்த வேலையைச் செய்யவேண்டும். கையிருப்பில் உள்ள சத்து கொஞ்சம். அதை அமிலத்தைத் தள்ளச் செலவழித்தால் உடல் கட்ட மிச்சம் குறையும். அமெரிக்கக் கழிமுகங்களில் வாழும் ஒரு சிறு வெள்ளி மீனை 1000 பங்கு அளவில் முளையத்திலிருந்து பொரித்து ஒரு வாரம் வரை வளர்த்த ஆய்வு 2012 இல் வெளிவந்தது. பிழைத்தவை 74 சதவீதம் குறைந்தன, நீளம் 18 சதவீதம் குறைந்தது, உடல் வளைந்த குஞ்சுகள் கூடுதலாகக் காணப்பட்டன. 2014 இல் ஒரு நாக்குமீன் இனத்தில் வெப்பத்தையும் அமிலத்தையும் சேர்த்துக் கூட்டியபோது, முதுகென்புக் கோணல்களும் பெருத்த காதுக்கற்களும் கூடின. மகள், ‘அமிலக் கடலால் பழுதான முள்’ என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால் இதைத்தான் சொல்லலாம். கட்டிய முள் கரைவதில்லை, கட்டும்போதே கோணலாகிறது. அப்படிக் கோணலானது சந்தைக்கு வராது. ஒரு கிழமைக்குள் வேறெதுவோ தின்றுவிடும். அதனால்தான் உங்கள் உம்மாவின் வெட்டுப் பலகையில் இதை ஒருபோதும் காணமாட்டீர்கள்.

எல்லா மீனும் ஒன்றல்ல. பவளப்பாறையின் ஒரு சிறு மீனின் குஞ்சுகளில் என்பிலோ காதுக்கல்லிலோ மாற்றமே தெரியவில்லை. அந்த வெள்ளி மீனின் நெருங்கிய உறவான இன்னொன்றில், பெற்றோர் வாழ்ந்த நீரில் காபனீரொட்சைட்டு கூடிய பருவத்தில் இட்ட முட்டைகள் தாக்குப்பிடித்தன. கோமாளி மீன் அமிலநீரில் வாசனை அறியாமல் எதிரியின் பக்கமே போகிறது என்று 2009 ஐ ஒட்டிப் பெரிதாகப் பேசப்பட்டது. ஆறு இனப் பவளப்பாறை மீன்களில் அதைத் திரும்பச் செய்து பார்த்த 2020 ஆம் ஆண்டு ஆய்வில் அப்படியொன்றும் தென்படவில்லை. ஆகவே அந்தக் கதையைப் பாடசாலைக் கட்டுரை எதிலும் முடிந்த உண்மையாக எழுதவேண்டாம். காதுக்கல் பெருப்பது வேறு; அது பல இனங்களில், பல ஆய்வுகூடங்களில் திரும்பத் திரும்பத் தெரிந்தது.

கடல்நீர் நேரே தொடும் வன்பகுதிகள் என்று பார்த்தால் சுறாவின் தோலும் பல்லும் மிஞ்சுகின்றன. சுறாத்தோல் உப்புத்தாள் மாதிரிச் சொரசொரப்பதற்குக் காரணம் அதில் அடுக்கடுக்காக இருக்கும் பல் போன்ற செதில்கள். தென்னாபிரிக்கக் கரையின் ஒரு சிறு சுறாவை பிஎச் 7.3 உள்ள நீரில் ஒன்பது வாரம் வைத்தபோது, ஏறத்தாழ நான்கில் ஒரு செதில் அரிக்கப்பட்டிருந்தது. சாதாரண நீரில் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. 2025 இல் ஜெர்மனியில் கருமுனைச் சுறாக்கள் உதிர்த்த பற்களை அதே 7.3 இல் எட்டு வாரம் வைத்துப் பார்த்தார்கள். வெடிப்பும் வேர்ப்பக்க அரிப்பும் கூடியிருந்தன. கருமுனைச் சுறா என்றால் நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவில் இடுப்பளவு நீரில் முகமூடி போட்டு எட்டிப்பார்த்தாலே காலடியில் ஓடுகிற அதே சுறாதான். 7.3 என்பது 2300 ஆம் ஆண்டை ஒட்டி வரக்கூடும் என்று கணித்த அளவு. அந்தப் பற்களும் உயிரோடு வாயில் இருந்தவை அல்ல. சுறா வாழ்நாள் முழுக்கப் பல்லை மாற்றிக்கொண்டே இருப்பதும் அதற்கு ஒரு காப்பு.

புறாத்தீவைப் பற்றி எனக்குள்ள பயம் சுறாவின் பல் பற்றியதல்ல, பாறை பற்றியது. 1998 இல் பெருவெப்பத்தால் இலங்கையைச் சுற்றிப் பவளம் வெளுத்துச் செத்தபோது திருகோணமலைப் பக்கம் பெருமளவு தப்பியது. 2003 இல் புறாத்தீவு தேசியப் பூங்கா ஆனது. அந்தப் பாறையின் பொந்துகளில்தான் கலவாய்க் குஞ்சும் செப்பலிக் குஞ்சும் பெரிய மீனுக்கு ஒளிந்து வளர்கின்றன. காபனேற்று குறையக் குறையப் பவளம் மெதுவாகக் கட்டும். கிளிமீன் கடிப்பதும் அலை உடைப்பதும் நிற்பதில்லை. கட்டுவதைவிட இடிவது கூடிவிட்டால் குஞ்சு மீனுக்கு வீடில்லை. தம்பலகாமக் குடாவின் முத்துச் சிப்பிக்கும் ஓட்டுக் கவலை இதே வகைதான். என்னைக் கேட்டால், மீனுக்கு வரும் பெரிய கேடு அதன் முள்ளுக்குள்ளிருந்து வராது, அது ஒளியும் கல்லிலிருந்தே வரும்.

செயற்றிட்டமாக ஏதாவது செய்ய ஆசை என்றும் எழுதியிருந்தீர்கள். கடையில் வாங்கும் பிஎச் தாளால் கடல் அமிலமாவதை அளக்க முடியாது. 0.1 வேறுபாட்டை அது காட்டாது. உப்புநீரில் நிறமும் ஏமாற்றும். ஆனால் நல்ல மின்வாய்க் கருவி ஒன்று பாடசாலையில் கிடைத்தால், கிண்ணியாப் பாலத்தடியில் விடிகாலையும் பின்னேரம் மூன்று மணிக்கும் ஒரு மாதம் அளந்து பாருங்கள். இரவில் எல்லா உயிரும் மூச்சு விடுவதால் காலையில் பிஎச் தாழ்ந்தும், பகலில் பாசியும் கடற்புல்லும் ஒளித்தொகுப்புச் செய்வதால் பின்னேரம் உயர்ந்தும் இருக்கும். களப்பில் பிறக்கும் குஞ்சு ஒவ்வொரு நாளும் தாங்கும் ஏற்ற இறக்கம் அது. வாடைமழையில் மகாவலி பெருகி வரும்போது எண்கள் எப்படி மாறுகின்றன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று வீட்டிலேயே செய்யலாம். அடுத்த முறை வாப்பா கத்தாளை கொண்டுவந்தால் மண்டையிலிருந்து இரண்டு காதுக்கல்லையும் எடுத்துக் கழுவுங்கள். ஒரு கோப்பை வினாகிரியில் ஒரு கல்லையும், இன்னொரு கோப்பையில் அதே மீனின் சுத்தமாக்கிய முள் துண்டையும் போடுங்கள். கல் குமிழி விட்டுப் பொங்கும், வெளிவருவது காபனீரொட்சைட்டு. முள் கண்ணுக்குத் தெரியும்படி பொங்காது, நாள்கணக்கில் மெல்ல மெல்ல இளகி வளையும். ஒரே மீனுக்குள் இரண்டு வகைக் கனிமம் இருப்பதை இதைவிடத் தெளிவாக நான் காட்ட முடியாது. மற்றக் கல்லைக் கரைத்துவிடாதீர்கள். துடைத்து உலர்த்தி, மீனின் நீளம், பிடித்த இடம், திகதி மூன்றையும் வெளியே எழுதிய கடித உறைக்குள் போட்டு வையுங்கள். காதுக்கல் ஆராய்பவர்களும் அப்படித்தான் வைக்கிறார்கள்.